பாட்டியிடம் தனியாகப் பேசுங்கள், டாக்டர்!

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். பக்கத்திலேயே ஆறு. தண்ணீர் வரும் காலத்தில் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். குளிப்பார்கள். சாமி கும்பிடுவார்கள்.

மகன் போவான். மருமகள் போவாள். பேரப் பிள்ளைகள் போவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி?

அவளுக்கு வேளா வேளைக்குக் கஞ்சி கொடுத்து, கண்ணைப் போலக் காக்கும் வீடுகள் ஏராளம். ஆனால், எல்லா வீடும் அப்படி இல்லை.

காதில் விழுந்த பேச்சு

2010-ம் ஆண்டு, இதே விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சம்பவம் நடந்தது.

ஒரு முதியவர். வயது 80. வீட்டார் கூடிப் பேசியது அவர் காதில் விழுந்தது. அவருடைய கதையை முடிப்பது பற்றிய பேச்சு அது. நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்றும் பேசினார்கள். முதியவர் வீட்டை விட்டுத் தப்பினார். உறவினர் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். செய்தி நாடெங்கும் பரவியது.

தென் மாவட்டங்களில் இதற்கு ஒரு பெயர் உண்டு. "தலைக்கூத்தல்!"

படுக்கையில் விழுந்தவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். இளநீர் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு உபசாரம் போலத் தெரியும். ஆனால், தளர்ந்த உடம்பு அதைத் தாங்காது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்பார்கள். சட்டத்தின் கண்ணில் இது கொலை. இதைக் கதையாகக் கொண்ட "பாரம்" என்ற படம், 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

படுக்கையில் கிடப்பவர் சந்தைக்குப் போவதில்லை. கோவிலுக்குப் போவதில்லை. அவரைப் பார்க்கும் வெளி மனிதர் டாக்டர் ஒருவர்தான், இல்லாவிட்டால் நர்சு. அவர்கள் கண் திறந்து பார்த்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

என்ன அடையாளம்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். புண்ணுக்குத் துணி கட்டினால் மட்டும் போதாது. அந்தப் புண் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும்.

இடுப்பின் பின்பக்கம் ஆழமான படுக்கைப் புண். உலர்ந்த நாக்கு. எலும்பும் தோலுமான உடம்பு. கையின் உட்பக்கம் விரல் பதிந்த கன்றல். வாங்கிய மாத்திரை அப்படியே இருப்பது. நோயாளியிடம் கேட்டால் கூட வந்தவரே பதில் சொல்வது. இவை எல்லாம் சந்தேகத்துக்கு இடம் தருபவை.

ஆனால், சந்தேகம் தீர்ப்பு ஆகாது!

வயதானவர் தோல் மெல்லியது. லேசாகப் பட்டாலும் கன்றிப் போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் எளிதில் கன்றும். காச நோயாலும் சர்க்கரை நோயாலும் உடம்பு இளைக்கும். ஆகவே டாக்டர் முதலில் நோயைத் தேட வேண்டும். எடுத்த எடுப்பில் மகன் மேல் பாயக் கூடாது.

ஆறு கேள்விகள்

பாட்டியை மகன் ஆட்டோவில் அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, கொஞ்சம் வெளியே இருங்க. பாட்டியைச் சோதிக்கணும்" என்று டாக்டர் சொல்லலாம். அதில் தவறு இல்லை. கதவு மூடிய பிறகு, "வீட்டில் வேளைக்குச் சோறு கிடைக்குதா பாட்டி? யாரும் திட்டுறாங்களா? யாரையாவது பார்த்தால் பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும்.

கனடா நாட்டு டாக்டர்கள் இதற்காக ஆறு கேள்விகளை வகுத்து, 2008-ம் ஆண்டு வெளியிட்டார்கள். ஐந்து கேள்விக்கு நோயாளி பதில் சொல்வார். ஆறாவது, டாக்டர் தம் கண்ணால் கண்டது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

உலகத்தில் 60 வயது கடந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர், ஓர் ஆண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பலர் வாய் திறப்பதில்லை.

"பிள்ளையைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன், ஐயா?" என்று பாட்டி அழுதால்?

எழுதினால் உதவும்

அப்போது டாக்டர் செய்ய வேண்டியவை சில.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். போலீசுக்கும் தகவல் தர வேண்டும். காயம் எங்கே, எவ்வளவு பெரிது, நோயாளி என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்க வேண்டும்.

உடனடி ஆபத்து இல்லை, பாட்டிக்கும் தெளிந்த புத்தி இருக்கிறது என்றால், அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால், சும்மா விட்டுவிடக் கூடாது. "அடுத்த வாரம் வாங்க பாட்டி" என்று நாள் குறிக்க வேண்டும். உதவி எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்றால், தகவல் தெரிவித்தே தீர வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம். முதியோருக்கான 2007-ம் ஆண்டுச் சட்டம் டாக்டருக்கு அப்படி ஒரு கட்டளை இடவில்லை. ஆனால், முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு என்கிறது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முதியவரால் முடியாவிட்டால், அவர் சம்மதித்த வேறு ஒருவர் கொடுக்கலாம்.

இறந்த பிறகு சர்ட்டிபிகேட் கேட்டு வந்தாலும் எச்சரிக்கை தேவை. சாவில் சந்தேகம் இருந்தால் "முதுமை" என்று எழுதிக் கையெழுத்துப் போடக் கூடாது. போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

மகனையும் பாருங்கள்

கவனிக்காமல் விடுகிறவர் எல்லோரும் கொடியவர் அல்ல. பகலெல்லாம் மில் வேலை. இரவெல்லாம் நோயாளிக்குக் காவல். கையில் காசு இல்லை. அப்படிப்பட்ட மகளிடம், "நீ எத்தனை நாளாகத் தூங்கவில்லை, அம்மா?" என்று டாக்டர் கேட்டால் பாதி பாரம் குறையும். படுத்தவரை எப்படிப் புரட்டுவது, புண்ணை எப்படித் துடைப்பது என்று சொல்லித் தரலாம். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

"இனி ஒன்றும் செய்வதற்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தை, சில வீடுகளில் அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடும். நோயைத் தீர்க்க முடியாமல் போகலாம். வலியைக் குறைக்கலாம். நாக்கை நனைக்கலாம். செய்வதற்கு எப்போதும் ஏதாவது உண்டு. அதைச் சொல்லி அனுப்புவதும் வைத்தியம்தான்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் குரல் சில நாளாகக் கேட்கவில்லையா? போய்ப் பாருங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை.