பொருள் தேடி – 14: உத்தரவு போட்டு எழுதிய பாட்டு

சார்த்தரின் காகிதக் கத்தியைப் போன வாரமே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. இந்த வாரம் காம்யுவின் சிசிஃபஸ் என்று சொல்லியிருந்தேன். அவன் கல்லை உருட்டிக்கொண்டே இருக்கட்டும், எங்கும் போய்விட மாட்டான். விக்டர் ஃபிராங்கலின் புத்தகத் தலைப்பு ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

நாஜி முகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் ஃபிராங்கல், 1946இல் வியன்னாவில் மூன்று உரைகள் ஆற்றினார். அவற்றைத் தொகுத்த நூலின் ஜெர்மன் தலைப்பு, என்ன நேர்ந்தாலும் வாழ்வை ஏற்பது பற்றியது. அவருடைய புகழ்பெற்ற முகாம் நூலும் பின்னாளில் ஜெர்மனில் அதே தலைப்பைப் பெற்றது. அது அவருடைய சொந்தச் சொல் அல்ல. அவர் ஒருபோதும் அடைபட்டிராத புகென்வால்ட் முகாமின் பாட்டிலிருந்து எடுத்தது. 1938 இறுதியில் அங்கே அதிகாரியாக இருந்த ரோடல், முகாமுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று உத்தரவிட்டு, 10 மார்க் பரிசும் அறிவித்தார். சொல் எழுதியவர் கைதி ஃபிரிட்ஸ் லோனர் பேடா, மெட்டமைத்தவர் கைதி ஹெர்மன் லியோபோல்டி. இந்த லோனர் பேடா யார்? ஃப்ரான்ஸ் லெஹாரின் இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதியவர். அந்த லெஹாரின் இசை ஹிட்லருக்கு உயிர்! இசையை ரசித்த ஆட்சி, அதற்குச் சொல் தந்தவரைக் கல் சுமக்கும் முகாமில் அடைத்து வைத்திருந்தது. பாட்டில் ஒளிந்திருந்த விடுதலை வேட்கை ரோடலின் மண்டையில் ஏறவே இல்லை என்று லியோபோல்டி பின்னர் சொன்னார்.

அதிகாரி கேட்டு எழுதிய பாட்டில் என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இருத்தலியல் பேசும் சுதந்திரம், சூழலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அல்ல. உத்தரவு ரோடலுடையது, அதற்குள் எதை வைத்து அனுப்புவது என்ற முடிவு மட்டும் கைதிகளிடம் மிஞ்சியிருந்தது. அந்த மிச்சத்தைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. லியோபோல்டி 1939இல் விடுதலையானார். அதற்குக் காரணம் மன உறுதியல்ல, அமெரிக்காவிலிருந்த மனைவியின் குடும்பம் செய்த ஏற்பாடு. லோனர் பேடா 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸில் கொல்லப்பட்டார். வாழ்வில் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டவன் பிழைப்பான் என்று ஃபிராங்கலைச் சுயமுன்னேற்ற மேடைகளில் மேற்கோள் காட்டுகிறார்களே, அந்தக் கணக்கு இங்கேயே உதைக்கிறது. ஃபிராங்கலின் பெற்றோர், அண்ணன் தம்பி என்றிருந்த ஒரே சகோதரர், மனைவி ஆகியோர் முகாம்களில் மாண்டார்கள். அவர்களிடம் பொருள் குறைவாக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? வாழ்வின் பொருள் உயிர் காக்கும் மருந்து என்றால், செத்தவர்கள் எல்லோரும் அதைச் சாப்பிட மறந்தவர்கள் என்றாகிவிடும். அது அபத்தம் மட்டுமல்ல, கொடுமையும்கூட. அந்தப் பாட்டின் மதிப்பு அது பாடப்பட்டபோதே முழுமையாகிவிட்டது. எழுதியவர் பிழைத்தாரா என்பதால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

ஆனால் அந்தப் பொருளை அவர் உண்டாக்கினாரா, ஏற்கெனவே இருந்ததைக் கண்டெடுத்தாரா? உண்டாக்குவதுதான் என்பார் சார்த்தர். கண்டெடுப்பதுதான் என்பார் ஃபிராங்கல். இந்தச் சண்டை அடுத்த வாரம். சிசிஃபஸ் அதற்கும் பிறகு.