ஒரு பசுவும் ஒரு பழத்தோட்டமும்

ஐரோப்பாவின் வட கோடியிலுள்ள பின்லாந்தில், யூன் மாதக் கடைசியில் இரவு என்பது பெயரளவில்தான். சாவோ என்னும் ஏரிகள் நிறைந்த பிரதேசத்தில் அப்போது பகற்பொழுது ஏறக்குறைய 20 மணித்தியாலம். நள்ளிரவிலும் விளக்கின்றி முற்றத்தில் நடக்கலாம். ஆனால் கோடை மிகக் குறுகியது. ஆண்டின் பெரும்பகுதியை மாடுகள் தொழுவத்துக்குள்ளேயே கழிக்கின்றன. ஆகவே வருடம் முழுவதற்குமான தீனியை இந்தச் சில மாதங்களிலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

இங்குள்ள சிறு பண்ணைகள் சிலவற்றில் பசுக்களோடு ஸ்ரோபெரியும் வளர்க்கிறார்கள். எமது நுவரெலியாவில் விளையும் அதே சிவப்புப் பழந்தான். அத்தகைய பண்ணையொன்றில் கோடை நாள் எவ்வாறு கழிகின்றது என்று பார்ப்போம்.

அதிகாலையில் முதல் வேலை பால் கறப்பது. கறப்பது இயந்திரமானாலும் மடியைத் துடைப்பதும், நோய் உண்டா என்று கவனிப்பதும் மனிதக் கைகளே. பசுக்களைப் புல்வெளிக்கு விட்டபின் பழத்தோட்டம். களை பிடுங்க வேண்டும். பழம் சேற்றில் படாதிருக்க வரிசைகளுக்கிடையே வைக்கோல் பரப்ப வேண்டும். யூலையில் பழம் பறிக்கும் காலம் வந்துவிட்டால், வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். சூட்டில் பறித்த பழம் சந்தைக்குப் போகுமுன் குழைந்துவிடும்.

இதனிடையே புல்லையும் வெட்டிக் காற்றுப் புகாமல் அமுக்கி வைக்கிறார்கள். பச்சைத் தீனியில் அமிலம் சேர்த்துக் கெடாமல் காக்கும் முறையை உருவாக்கியவர் அந்நாட்டு விஞ்ஞானி வீர்த்தானென். அவருக்கு 1945இல் நோபல் பரிசு கிடைத்தது.

யூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமை நடுக்கோடைத் திருநாள். வாசலில் பேர்ச் மரக் கிளைகளைக் கட்டுவார்கள். ஏரிக்கரையில் பெருந்தீ மூட்டுவார்கள். அன்றும் மாலையானால் யாராவது ஒருவர் தொழுவத்துக்குப் போகத்தான் வேண்டும். பசுவுக்குத் திருநாள் தெரியாது.

இந்த அமைதியான காட்சிக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 1939 முதல் 1944 வரை பின்லாந்து சோவியத் யூனியனுடன் இரு தடவை போரிட்டது. ஆண்கள் போர்முனையில் நின்றபோது பண்ணைகளைப் பெண்களும் முதியவர்களுமே நடத்தினார்கள். கரேலியா என்ற பகுதி பறிபோனது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுவாசலை இழந்தார்கள். 1941இன் பின் பலர் திரும்பிச் சென்று, எரிந்த வீடுகளை மீண்டும் கட்டினார்கள். 1944இல் அவற்றையும் விட்டு மறுபடியும் புறப்பட்டார்கள். பெண்களும் சிறுவர்களும் பசுக்களை ஓட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடந்தார்கள். வழியில் நின்று பால் கறந்தார்கள்.

1945இல் இயற்றப்பட்ட காணிச் சட்டத்தின்கீழ் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் காணி வழங்கப்பட்டது. சிலருக்குக் கிடைத்தது வெறும் காடு. முதலில் சிறிய நீராவிக் குளியலறையைக் கட்டி, வீடு எழும்பும்வரை அதற்குள்ளேயே குடியிருந்தவர்கள் பலர். அவர்களது புது வாழ்வு தொடங்கியது இரண்டொரு பசுக்களோடுதான்.

பசுவும் பழமும் ஒன்றாக இருப்பதில் என்ன நன்மை? பால் ஆண்டு முழுவதும் பணம் தரும். ஆனால் சிறு பண்ணைக்கு அது போதாது. பழம் சில வாரங்களில் பெரிய தொகையைத் தரும். ஆனால் நம்பியிருக்க முடியாது. யூன் மாதத்திலும் சில இரவுகளில் உறைபனி விழும். ஒரே இரவில் பூக்கள் கருகிவிடும். அவ்வேளைகளில் இரவிரவாக விழித்திருந்து செடிகளுக்கு நீர் தெளிப்பார்கள். நீர் உறையும்போது வெளியாகும் வெப்பம் பூவைக் காக்கும். அப்படியும் பழம் பிழைத்துப்போனால், அந்த ஆண்டு அடுப்பெரியப் பால் இருக்கிறது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மாடு வளர்ப்போருக்கும் விடுமுறை வேண்டும் என்று 1970களில் அந்நாடு சட்டம் செய்தது. இன்று அவர்களுக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுமுறை உண்டு. அந்நாட்களில் பயிற்சி பெற்ற பதில் ஆள் வந்து பால் கறப்பார். நோயிலும் பிரசவத்திலும் இந்த உதவி கிடைக்கும். பட்டியில் பெண் செய்வது வீட்டு வேலையல்ல, தொழில் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

எமது சகோதரிகள் பலரும் ஒரு பசுவையும் சில மரங்களையும் வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்குகிறார்கள். பதில் ஆளை அனுப்பும் சட்டம் எமக்கில்லை. ஆனாலும் ஒரு கொப்பியை எடுங்கள். கறந்த லீற்றரையும் விற்ற காசையும் எழுதும்போது, நீங்கள் வேலை செய்த மணித்தியாலங்களையும் அருகில் எழுதுங்கள். அயலில் பசு வைத்திருக்கும் மற்றவரோடு பேசி, காய்ச்சல் வந்த நாளில் ஒருவருக்காக ஒருவர் கறப்பதென முடிவு செய்யுங்கள். பசுவுக்கு ஓய்வுநாள் தெரியாமல் இருக்கலாம். அதை வளர்ப்பவளுக்கு ஓய்வு வேண்டும்.