உங்களுக்குத் தெரியுமா? காந்திகிராமத்தில் வேர்விட்ட நவீன நாடகம்

திண்டுக்கல் - மதுரை சாலையில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமம், நவீனத் தமிழ் நாடகத்தின் நாற்றங்கால்களுள் ஒன்று!

● டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம், காந்திகிராமக் கல்வி நிறுவனத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

● 1977-ல் இங்கே நடந்த நாடகப் பயிற்சி முகாமில் குரல், உடலசைவு, மேடையாக்கம் என அடிப்படையிலிருந்து நாடகம் பயின்றார்கள் இளைஞர்கள். அவர்களில் ஒருவரான மு. இராமசுவாமி, மறு ஆண்டே மதுரையில் 'நிஜ நாடக இயக்க'த்தைத் தொடங்கினார்.

● இராமானுஜம் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் அவல நாடகத்தைத் தழுவிய அவருடைய 'வெறியாட்டம்' மேடையில், போரில் உறவுகளைப் பறிகொடுத்த டிராய் நகரப் பெண்கள் நம்மூர் ஒப்பாரி வைத்து அழுதார்கள்!

● 2016-ல் மறையும்வரை நாடகமே அவருக்கு மூச்சு.