அருந்ததியைக் கண்டதுண்டா?

பொழுது புலருமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் புறப்படும் தோட்டத் தொழிலாளிக்கு வானம் புதியதன்று. விடிவெள்ளி தோன்றும் மாதங்களில் அதனை முதலில் காண்பவர் அவரே. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, கேட்டை என்னும் பெயர்களும் நம் இல்லங்களில் அன்றாடம் புழங்குபவை. பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் கேட்கிறோம். திருமணத்தில் மணமகளுக்கு அருந்ததி காட்டுகிறோம். ஆனால் திருமணம் நடப்பதோ பெரும்பாலும் பகலில். காட்டிய திசையில் தெரிவது மண்டபத்தின் கூரைதான். "அருந்ததி உண்மையில் எங்கே இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்டால், விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. வானியல் கழகத்தினர் தம் தொலைநோக்கிகளைத் திடலிலோ கடற்கரையிலோ நிறுத்தி, வருவோர்க்கெல்லாம் வானத்தைக் காட்டும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. அத்தகைய மாலைக்குச் செல்லப் படிப்போ பணமோ தேவையில்லை. "இது கற்றவர்களுக்கு உரியது" என்று எண்ணி ஒதுங்கி நிற்பதே நமக்குள்ள ஒரே தடை.

தெருவில் வைத்த தொலைநோக்கி

இவ்வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜான் டாப்சன் என்பவர். 1915ஆம் ஆண்டு சீனாவின் பெய்ஜிங் நகரில் பிறந்த இவர், அமெரிக்காவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக வாழ்ந்தார். கையில் பணமில்லாத அவர், பிறர் கழித்துப்போட்ட கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி செய்தார். கெட்டி அட்டைக் குழாயில் அதனைப் பொருத்தி, பலகைப் பெட்டியின்மேல் நிறுத்தினார். 1968இல் நண்பர்களுடன் கழகம் ஒன்றைத் தொடங்கி, நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். 2014இல் அவர் மறைந்தார். எளிய அந்த அமைப்பு இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தொலைநோக்கி செய்யும் வேலை

தொலைநோக்கி என்றால் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றே பலரும் கருதுகின்றனர். அதன் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பதாகும். மரத்திலிருந்து சொட்டும் பாலைச் சிறு கோப்பையைவிட அகன்ற வாளி மிகுதியாகக் கொள்ளும் அல்லவா? அதுபோல, முகப்பு வில்லையோ ஆடியோ அகலமாக இருந்தால் மங்கலான விண்மீனும் தெளிவாகத் தெரியும்.

பெரிதாக்கும் வேலையைச் செய்வது கண்ணருகே உள்ள சிறு வில்லை. முகப்பு வில்லையின் குவிய நீளத்தைக் கண்வில்லையின் குவிய நீளத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். 700 மில்லிமீட்டரை 25ஆல் வகுத்தால் 28 மடங்கு. நிலவைக் காண அதுவே போதும்.

அங்கே சென்றால்

இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஆகவே கைவிளக்கை அணைத்து வையுங்கள். தேவையானால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய விளக்கைப் பயன்படுத்துங்கள். குழாயைக் கையால் பற்றாமல், கண்ணை மட்டும் வில்லையருகே கொண்டு செல்லுங்கள். மங்கலாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். திருகைச் சற்றே திருப்பினால் தெளிவாகிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்சி நகர்ந்து மறைந்தால், நீங்கள் எதையோ கெடுத்துவிட்டதாக அஞ்ச வேண்டா. பூமி சுழல்வதையே அப்போது நேரில் காண்கிறீர்கள்!

நிலவைக் காணப் பௌர்ணமி ஏற்ற நாளன்று. அரைநிலவாக இருக்கும்போதுதான் பள்ளங்களிலும் மலைகளிலும் நிழல் நீண்டு விழுந்து, மேடு பள்ளம் தெளிவாகும். வியாழனருகே வரிசையாக நிற்கும் நான்கு சிறு புள்ளிகள் அதன் துணைக்கோள்கள். 1610ஆம் ஆண்டு கலிலியோ கண்ட அதே காட்சி அது.

டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் கார்த்திகையைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் மீன்கள் தொலைநோக்கியில் பல பத்தாகப் பெருகும். அவற்றின் ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 440 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நம் கண்ணில் படும் அவ்வொளி புறப்பட்ட காலத்தில் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் ஆண்டுகொண்டிருந்தனர்.

மே மாத நடுவில், இரவு பத்து மணியளவில் வடக்கே நோக்கினால் சப்தரிஷி மண்டலம் நிற்கும். தெற்கே தென்சிலுவை நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்வதால் இரண்டையும் ஒருங்கே காணும் பேறு நமக்கு உண்டு. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலிருந்து இரண்டாவது மீன் வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாக நிற்பதே அருந்ததி. தொலைநோக்கியிலோ, ஒன்றெனத் தோன்றிய வசிட்டரே இரண்டாகப் பிரிந்து நிற்கக் காணலாம்.

வீட்டில் தொலைநோக்கி வாங்கினால்

பிள்ளைகள் கேட்கிறார்களே என்று கடையில் கண்டதை உடனே வாங்கிவிடாதீர்கள். முதலில் கழகத்தாரின் கருவிகளில் பார்த்துப் பழகட்டும். பெட்டியின்மேல் "525 மடங்கு" என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டா. முகப்பு வில்லையின் அகலம் மில்லிமீட்டரில் எவ்வளவோ, அதன் இருமடங்கே பயன்தரும் எல்லை. 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்குக்கு மேல் போனால் காட்சி மங்கி நடுங்கும். ஆட்டம் காணாத முக்காலி அதனினும் இன்றியமையாதது.

வாங்கிய கருவி பயன்படாமல் மூலையில் கிடக்கிறதா? அதையே கழக மாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். குழாயின் மேலுள்ள சிறு துணைநோக்கி சரியாகப் பொருந்தாததே பெரும்பாலும் குறையாக இருக்கும். பகலில், சூரியன் இல்லாத திசையில், தொலைவிலுள்ள மர உச்சியைப் பெரிய குழாயில் நடுவே கொண்டுவந்து, துணைநோக்கியிலும் அதே உச்சி நடுவே தெரியுமாறு திருகுகளை முடுக்கினால் குறை தீரும். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை மறவாதீர். முகப்பில் உரிய வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கியால் சூரியனை நொடிப்பொழுதும் பார்க்கலாகாது; கண் நிலையாகப் பழுதாகும்.

நம் மாநிலத்திலேயே

மலாக்காவில் மஸ்ஜிட் தானாவை அடுத்த தஞ்சோங் பிடாராவில் அல் கவாரிஸ்மி வானியல் வளாகம் அமைந்துள்ளது. பிறை பார்ப்பதற்குரிய அவ்விடத்தில் வானோக்கு நிலையமும் கோளரங்கமும் உள்ளன. கோலாலம்பூரில் 1994இல் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கமும் உண்டு. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலயக் குழுவோ முன்னின்று, இத்தகைய நிலையத்தையோ வானியல் கழகத்தையோ அணுகினால், தோட்டத்துத் திடலிலேயே ஒரு மாலையை ஏற்பாடு செய்ய வழி பிறக்கும். அன்றிரவு திடல் விளக்குகளை அணைத்துவிட்டால் போதும். நகரத்தார் தேடி அலையும் இருள் நம் மரங்களுக்கு அப்பாலேயே இருக்கிறது.

அந்த வரிசையில் பிள்ளைகளை மட்டும் நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நிற்க வேண்டா. மணமேடையில் காணாத அருந்ததியைப் பாட்டியும் ஒருமுறை கண்ணாரக் காணட்டும். பிறகு பேரப்பிள்ளை கேட்கும்போது அவரே விரல் நீட்டிக் காட்டுவார்.