26 புள்ளிகளின் கணக்கு

2008-09 சீசனில் இங்கிலாந்து கால்பந்தின் நான்காம் பிரிவில் ஆடிய லூட்டன் டவுன் கிளப்பின் கணக்கில் கடைசியில் நின்றவை 26 புள்ளிகள். களத்தில் அது எடுத்ததோ 56. பழைய நிர்வாகம் ஏஜென்டுகளுக்கு முறைகேடாகப் பணம் கொடுத்ததற்காகவும், திவால் நிலையிலிருந்து விதிப்படி மீளாததற்காகவும் 30 புள்ளிகளைச் சீசன் தொடங்கும் முன்பே கழித்துவிட்டார்கள். தவறு செய்தவர்கள் போய்விட்டார்கள். தண்டனையைச் சுமந்தது புதிதாக வந்தவர்களும் ஊர் மக்களும். நான்கு தொழில்முறைப் பிரிவுகளுக்கும் வெளியே தள்ளப்பட்ட கிளப், ஐந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 2023-24இல், அதே கிளப் பிரீமியர் லீகில் ஆடியது. அங்கேயும் அது எடுத்தவை 26 புள்ளிகள்தான். இருபது அணிகளில் 18ஆம் இடம், மறுபடி கீழிறக்கம். வந்த வேகத்தில் திரும்பிப் போன கிளப், கையை இறுக்கிக்கொண்டு செலவழிக்க மறுத்ததால் வாய்ப்பைக் கெடுத்துக்கொண்ட கிளப் என்று அந்த சீசனைப் பற்றிப் பலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. லூட்டன் இறங்கியது, ஆனால் அதன் முடிவுகள் சரியானவை. முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஒரே கோடையில் பணத்தைக் கொட்டி நிரப்ப முடியாது என்பதற்கு அந்த சீசனிலேயே சான்று இருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் லூட்டன். ஒரு காலத்தில் தொப்பித் தயாரிப்புக்குப் பேர்போனது; அணியின் பட்டப்பெயரே தொப்பிக்காரர்கள். 1905 முதல் அது ஆடிவரும் கெனில்வொர்த் ரோடு மைதானம், ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளின் நடுவே செருகியது போல இருக்கிறது. எதிரணி ரசிகர்கள் ஓக் ரோடு வழியாக வர வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் கீழ்த்தளம் இருக்க வேண்டிய இடத்தில் நுழைவாயில். மேலே யாரோ குடியிருக்கிறார்கள். உள்ளே போய் இரும்புப் படிக்கட்டில் ஏறினால் இரு பக்கமும் கொல்லைப்புறங்களும் துணி காயும் கொடிகளும் கண்ணுக்குக் கீழே தெரியும். பிரீமியர் லீக் கண்ட மிகச் சிறிய மைதானங்களில் இதுவும் ஒன்று. ஏறக்குறைய 12,000 பேர்தான் உட்கார முடியும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான வசதிகளைச் செய்து முடிக்கவே ஒரு பக்க ஸ்டாண்டை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. வேலை முடியாததால் பர்ன்லியுடனான முதல் சொந்த ஊர் ஆட்டமே தள்ளிப்போனது.

இப்படிப்பட்ட இடத்தில் பெரிய அணிகள் பட்ட பாட்டைப் பார்க்காமல் வெறும் பட்டியலைப் பார்ப்பது அநியாயம். 2023 நவம்பரில் லிவர்பூல் வந்தது. 80ஆம் நிமிடத்தில் தாகித் சோங் போட்ட கோலால் முன்னிலையில் இருந்த லூட்டன், 95ஆம் நிமிடத்தில் லூயிஸ் டியாஸிடம் கோல் வாங்கி 1-1 என்று டிரா செய்தது. டிசம்பரில் வந்த ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கார்னர்களில் இரண்டு தலையடி கோல்கள். ஒரு கட்டத்தில் லூட்டன் 3-2 என்று முன்னிலை. ஆட்டம் 3-3 ஆகி, 97ஆம் நிமிடத்தில் டெக்லன் ரைஸ் தலையால் அடித்த பந்து வலைக்குள் போனது. 4-3. அந்த ஒருவரை வாங்கவே ஆர்சனல் அந்தக் கோடையில் 10 கோடி பவுண்டு கொடுத்திருந்தது. லூட்டன் அதே கோடையில் மொத்த அணியையும் பலப்படுத்தச் செலவழித்தது சுமார் 2 கோடி. ஜனவரிக் கடைசியில் பிரைட்டனை 4-0 என்று நொறுக்கிக் கீழிறக்க இடங்களுக்கு மேலே வந்தது. எலைஜா அடெபாயோ மூன்று கோல் போட்டார். நாலு நாள் கழித்து நியூகாசிலில் 4-4. அந்த வாரம் லூட்டன் தப்பிக்கும் என்று நம்பாதவர்கள் குறைவு. அதன் பிறகு சீசன் முடியும்வரை கிடைத்தது ஒரே ஒரு வெற்றி.

அந்தச் சரிவுக்குப் பணப்பற்றாக்குறைதான் காரணம் என்றால், கொஞ்சம் அதிகம் செலவழித்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்ற கேள்வி வரும். இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. லூட்டனோடு சேர்ந்து மேலே வந்தவை பர்ன்லியும் ஷெஃபீல்டு யுனைடெடும். பர்ன்லி இரண்டாம் பிரிவில் 101 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்த அணி. புது வீரர்களுக்கு லூட்டனைப் போலப் பல மடங்கு செலவழித்தது. அது எடுத்த புள்ளிகள் 24. லூட்டனைவிட இரண்டு குறைவு. ஷெஃபீல்டு 104 கோல்கள் வாங்கி 16 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. மேலே வந்த மூன்று அணிகளும் அப்படியே கீழே போனது 1997-98க்குப் பிறகு அதுவே முதல் முறை. தற்செயல் என்று விட்டுவிடவும் முடியாது. அடுத்த சீசனிலும் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் அதே வழியில் இறங்கின. முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த கிளப்புகள் ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் வரும் ஒளிபரப்புப் பங்கை வைத்து வீரர்களையும், வீரர்களைத் தேடும் ஆட்களையும், பயிற்சிக் கூடங்களையும் அடுக்கடுக்காகச் சேர்த்திருக்கின்றன. அதை ஒரு கோடையில் ஈடுகட்டப் பார்ப்பவர் கடனைத்தான் சேர்ப்பார்.

நாட்டிங்காம் ஃபாரஸ்டைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. வலுவான மறுப்புதான். 2022இல் மேலே வந்த ஃபாரஸ்ட் ஒரே கோடையில் இருபதுக்கும் அதிகமான வீரர்களை வாங்கியது, தப்பித்தது. செலவு விதியை மீறியதற்காக 2023-24இல் நான்கு புள்ளிகளை இழந்தது. அப்படியும் 32 புள்ளிகளோடு லூட்டனுக்கு மேலே முடித்தது. அடுத்த சீசனில் ஏழாம் இடம். சூதாட்டம் பலித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பலிக்காமல் போயிருந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்க ஃபாரஸ்டின் உரிமையாளர் எவாஞ்செலோஸ் மரினாகிஸிடம் கப்பல் கம்பெனிகள் இருக்கின்றன. நிதானமாக வளர்ந்த கிளப்புக்கு உதாரணமாகச் சொல்லப்படும் பிரைட்டனுக்குப் பின்னாலும் டோனி புளூம் தன் கைப்பணத்திலிருந்து கொடுத்த 30 கோடி பவுண்டுக்கும் மேலான கடன் நின்றது. லூட்டனை வைத்திருப்பது 2008இல் ரசிகர்கள் சேர்ந்து அமைத்த ஒரு கூட்டமைப்பு. 1999க்கும் 2007க்கும் இடையே மூன்று முறை திவால் நிர்வாகத்துக்குப் போய்வந்த கிளப் அது. அதன் பொறுப்பில் இருப்பவர்கள் ஊரின் சொத்தைப் பந்தயம் வைக்கத் தயங்கியதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்காக எல்லாப் பழியையும் பணத்தின் மேல் போட்டுவிட முடியாது. 85 கோல்கள் வாங்கிய தற்காப்பு அது. முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாத அணி என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. போர்ன்மவுத் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம்: 2024 மார்ச் 13 அன்று இடைவேளையில் 3-0 என்று முன்னிலை, முடிவில் 4-3 தோல்வி. ஆனால் அது ஏற்கெனவே ஒரு முறை ஆடத் தொடங்கி நின்றுபோன ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 16 அன்று அதே போர்ன்மவுத் மைதானத்தில் லூட்டன் கேப்டன் டாம் லாக்கியர் இதயத் துடிப்பு நின்று சரிந்தார்; களத்திலேயே உயிர் மீட்கப்பட்டார்; ஆட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிய வெம்ப்லி இறுதியாட்டத்திலும் அவர் சரிந்து விழுந்திருந்தார். தற்காப்பின் தலைவரை இப்படி இழந்த பிறகும் பயிற்சியாளர் ராப் எட்வர்ட்ஸ் பின்னால் பதுங்கி ஆடச் சொல்லவில்லை. மொத்தம் 52 கோல்கள் போட்டார்கள். கீழிறங்கும் அணிக்கு அது பெரிய எண்ணிக்கை. எட்வர்ட்ஸ் கொஞ்சம் பூட்டி ஆடியிருந்தால் நாலைந்து புள்ளிகள் கூடியிருக்கலாம். ஆனால் 17ஆம் இடத்துக்கு இடைவெளி ஆறு புள்ளி.

லூட்டனைக் குறை சொல்ல வேண்டிய இடம் அடுத்த சீசன்தான். கீழே வந்த கிளப்புகளுக்கு லீக் தரும் ஈட்டுத்தொகை கையில் இருந்தது. இரண்டாம் பிரிவில் அதைவிட ஏழையான அணிகளே அதிகம். அப்படியிருந்தும் ஜனவரியில் எட்வர்ட்ஸ் போனார், புதியவர் வந்தார், 2025 மே மாதம் சீசனின் கடைசி நாளில் தோற்று லூட்டன் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. முதல் பிரிவுக்காகச் சேர்த்த அணி இரண்டாம் பிரிவின் அடிதடிக்குப் பொருந்தவில்லை, திருத்த அவகாசம் இருந்தும் திருத்தவில்லை. ஏன் என்று ரசிகர்கள் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனாலும் இது பழைய வீழ்ச்சி போன்றதல்ல. 1992இல் முதல் பிரிவிலிருந்து விழுந்த பிறகு லூட்டன் கடனிலும் திவாலிலும் புரண்டு 2009இல் அடிமட்டத்துக்குப் போனது. இம்முறை விழுந்த கிளப் தன் சம்பளப் பட்டியலைத் தானே பார்த்துக்கொள்கிறது. நகர மையத்தில் பவர் கோர்ட் என்ற இடத்தில் 25,000 பேர் உட்காரும் புது மைதானத்துக்கு 2024 டிசம்பரில் நகராட்சியின் அனுமதியும் வாங்கியிருக்கிறது.