சேற்றில் இருக்கும் சேமிப்பு

"சேறுதானே! அதற்கா இத்தனை காவல்?" என்று கேட்போர் இருக்கிறார்கள். செருப்பில் மண் படாமல் வாழ்பவர்கள்; கேட்கட்டும். சேற்றில் கால் வைத்துப் பிழைப்பவர்கள் நாம். அதன் அருமையை நாம் அல்லவா எடுத்துரைக்க வேண்டும்!

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்தின் உப்பங்கழியிலே நிற்கிறது அலையாத்திக் காடு. ஆலைப் புகையோடு காற்றில் கலந்த கரியமில வாயுவை இலை இழுக்கிறது, தண்டாக்குகிறது, வேராக்குகிறது. இலை உதிர்கிறது. நண்டு ஒரு பங்கைத் தின்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒரு பங்கில் வளர்கின்றன. வற்றும் நீர் ஒரு பங்கைக் கடலுக்குக் கொண்டு போகிறது. மிச்சம் சேற்றுக்குள் புதைகிறது.

மேட்டு நிலத்துச் சருகு விரைவில் மக்கிக் காற்றோடு போய்விடும். இங்கே சேறு நீரில் ஊறிக் கிடக்கிறது. உள்ளே பிராணவாயு நுழைய வழியில்லை. மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மந்தமாகின்றன. மேலே வண்டல் மூட, கரி நூற்றாண்டுக் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது.

எவ்வளவு கரி? இந்து, பசிபிக் மாகடல்களின் கரையோரக் காடுகளை அளந்த விஞ்ஞானிகள் 2011-ல் கணக்குச் சொன்னார்கள்: ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன். ஏக்கருக்கு 400 டன்னுக்கு மேல்! பெரும்பகுதி மரத்திலே இல்லை, மண்ணிலே!

இந்தப் பெட்டகத்தை உடைத்தால்? நீரை வடித்து மண்ணைத் தோண்டினால் காற்று புகும்; மக்காதது மக்கும்; பாட்டன் காலத்துக் கரி பேரன் தலைமேல் புகையும்.

உடைத்தார்கள், தோழர்களே! வெள்ளையர் ஆட்சியில் தொடங்கி, பிச்சாவரக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். தரை காய்ந்து தாழ்ந்தது, ஏறிய நீர் திரும்ப வழியின்றித் தேங்கியது, உப்பு மிகுந்தது, கன்று முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப் போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டினர். நீர் வந்து போனது. நட்ட கன்று காடானது.

அதே ஆண்டுகளில் கீழைக் கடற்கரையெங்கும் இறால் குட்டைகள் பெருகின. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் வழக்காடினார். 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அலையாத்திக் காட்டையோ, விளைநிலத்தையோ, உப்பளத்தையோ இறால் குட்டையாக்கக் கூடாது, மூடும் பண்ணைகளின் தொழிலாளிக்கு இழப்பீட்டோடு ஆறாண்டுச் சம்பளமும் தர வேண்டும். 2005-ல் வந்த சட்டமோ, பதிவு பெறும் பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது.

இன்று புதைந்த கரிக்கு உலகச் சந்தையிலே விலை பேசுகிறார்கள். பேசட்டும். நாம் கேட்பது ஒன்றே: அந்தப் பணம் யாருக்கு? வாய்க்கால் வெட்டிய கை வெறுங்கை, கணக்கெழுதிய கைக்குக் காசு என்பதா நீதி?

சேற்றைக் காத்தவனுக்கே சேமிப்பில் முதற்பங்கு! அவனைக் கேளாமல் ஒரு பிடி மண்ணும் விலை போகக் கூடாது!