தராசுக்குத் தெரியாத கொழுப்பு

லண்டனில் ஜான் யட்கின், புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக். இருவரும் மருத்துவ ஆய்வாளர்கள். உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இருவர் படத்தையும் இந்த எண்களோடு வெளியிட்டது.

‘ஆள் ஒல்லிதானே, அவருக்கு எப்படி சுகர் வந்தது?’ என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அதற்கான விடை இங்கே இருக்கிறது. கை கால் மெலிந்திருக்கும். சட்டைக்குள் சின்னதாய் ஒரு தொப்பை. தோலுக்கடியில் தங்கும் கொழுப்பைவிட, குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு பொல்லாதது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏற ஏற, இன்சுலின் சொல் அங்கே எடுபடாது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அதுவோ இந்த உடம்பில் குறைவு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் இது வழிவிடுகிறது.

புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த சிசுக்களை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சிசுக்களோடு யாக்னிக் குழு ஒப்பிட்டது. சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. முதுகுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலேயே தொடங்கிவிடுகிற கதை இது. சர்க்கரை வந்தவரை ‘வாயைக் கட்டவில்லை’ என்று குற்றம் சொல்வது அநியாயம்.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்று மருத்துவர்கள் வரையறுத்துவிட்டார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களும் இடுப்புச் சுற்றளவைப் பார்க்க வேண்டும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய சர்க்கரை நோய் அபாயக் கணக்கில் வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்குதான் கேள்விகள். எடைக்கு அதில் இடமே இல்லை. எடையைக் குறித்துக்கொண்டு ‘நார்மல்’ என்று அனுப்பிவிடும் மருத்துவ முகாம்களில் ஓர் இன்ச் டேப்பாவது இருக்கக் கூடாதா?

பயந்துபோய்ப் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. அதில் கொழுப்போடு, ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் கரையும். சோற்றைக் குறைத்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் வர வேண்டும். நடைப்பயிற்சியோடு வாரத்தில் இரண்டு நாளாவது தண்டால், பஸ்கி என்று தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும், ஒல்லியானவர்களும்தான்.